கறுப்பில் கறுப்பு எழுதிய மகான்கள்

மருத்துவர்களுக்கு ஹிப்போகிரேட்டஸ் இருக்கிறார். பட்டம் வாங்கும்போது அவர் பெயரில் உறுதிமொழி எடுத்துக்கொள்ளலாம். வானியலுக்கு ஆர்யபட்டர் இருக்கிறார். எஸ்.இ.ஓ., அதாவது ‘சர்ச் எஞ்சின் ஆப்டிமைசேஷன்’, தொழிலுக்கும் ஆதி குருக்கள் உண்டு. கூகுளில் உங்கள் கடை முதல் பக்கத்தில் வர என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிக் காசு வாங்குகிற தொழில் அது. மாநாடு போடுகிறார்கள், மேடையில் முன்னோடிகளை உட்கார வைக்கிறார்கள், கைதட்டுகிறார்கள். அந்த முன்னோடிகளின் முதல் சாதனை எது என்று கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவார்கள். கறுப்புப் பின்னணியில் கறுப்பு எழுத்தால் எழுதியதுதான் அது.

1995-ம் வருடம். ஜெஃபர்சன் ஸ்டார்ஷிப் என்றொரு ராக் இசைக்குழு. அறுபதுகளில் ஜெஃபர்சன் ஏர்ப்ளேன் என்ற பெயரில் சான் ஃபிரான்சிஸ்கோவில் புறப்பட்ட கோஷ்டி. எழுபதுகளில் விமானம் விண்கப்பலாகப் பதவி உயர்வு பெற்றது. இவர்களுடைய இணையதளத்தை பாப் ஹேமன், லீலண்ட் ஹார்டன் என்ற இருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருநாள் விடியற்காலை மூன்று மணிக்குக் குழுவின் மேனேஜரிடமிருந்து போன் வந்தது என்று கதை. ராக் குழு மேனேஜருக்கு மூன்று மணி என்பது வேலை நேரம். குழுவின் பெயரைத் தேடிப் பார்த்திருக்கிறார். அவர்களுடைய சொந்தத் தளம் நாலாவது பக்கத்தில் கிடந்தது. “நாம ஏன்யா நாலாவது பக்கத்துல இருக்கோம்?” என்பது கேள்வியின் சாரம். அசல் வாசகத்தில் கூடுதலாக ஒரு சொல் உண்டு. குடும்பப் பத்திரிகையில் அதை அச்சிட முடியாது.

இருவரும் எழுந்து உட்கார்ந்து யோசித்தார்கள். அன்றைய தேடுபொறிக்குத் தெரிந்த வித்தை ஒன்றே ஒன்று: எண்ணுவது. எந்தப் பக்கத்தில் எந்தச் சொல் எத்தனை முறை வருகிறது என்று எண்ணி, அதிகம் வந்த பக்கத்தை முன்னால் தள்ளும். தலைவர் வீட்டில் தலைவர் பெயரை யார் உச்சரிக்கப் போகிறார்கள்? ரசிகன்தான் மூச்சுக்கு மூச்சு சொல்வான். குழுவின் சொந்தத் தளத்தில் குழுவின் பெயர் போதுமான தடவை இல்லை. தளத்தின் பின்னணி கறுப்பு. ஆகவே பொடி எழுத்தில், கறுப்பு நிறத்தில், ஜெஃபர்சன் ஸ்டார்ஷிப், ஜெஃபர்சன் ஸ்டார்ஷிப் என்று ராமஜெயம் எழுதுகிற மாதிரி எழுதித் தள்ளினார்கள். மனிதக் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. இயந்திரத்துக்குத் தெரியும். தளம் மேலே ஏறிவிட்டது.

இதே வேலையை இன்று செய்தால் கூகுள் அந்தத் தளத்தைப் பட்டியலிலிருந்தே தூக்கிவிடும். அன்று செய்ததால் அவர்கள் ‘நெட் ரிசல்ட்ஸ்’ என்ற புத்தகம் எழுதினார்கள், 1998-ல். இந்தத் தொழிலில் குருவுக்கும் கோல்மால்காரனுக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் தேதிதான். அதை மனதில் வைத்துக்கொண்டால் மிச்சக் கதையைப் புரிந்துகொள்வது சுலபம்.

இதற்கும் முந்தைய யுகம் ஒன்று இருந்தது. அதில் எண்ணக்கூட வேண்டியதில்லை. 1994-ல் ஸ்டான்ஃபோர்டில் ஜெர்ரி யாங், டேவிட் ஃபைலோ என்ற இரண்டு ஆராய்ச்சி மாணவர்கள், ஆராய்ச்சியைத் தவிர வேறு எதையாவது செய்ய வேண்டும் என்ற மாணவ தர்மப்படி, இணையதளங்களுக்கு ஒரு பட்டியல் போட்டார்கள். அதுதான் யாஹூ. மனிதர்கள் உட்கார்ந்து பார்த்து வகை வகையாகப் பிரித்து வைத்த பட்டியல். ஒவ்வொரு வகைக்குள்ளும் அகர வரிசை. அமெரிக்காவில் டெலிபோன் புத்தகத்தின் மஞ்சள் பக்கங்களில் பூட்டுத் திறக்கிறவரும் டாக்சிக்காரரும் பல காலமாகச் செய்துவந்த தந்திரம் இங்கேயும் பலித்தது: கடைக்கு ‘ஏஏஏ’ என்று பெயர் வை, ‘ஏ1’ என்று பெயர் வை. முதலிடம் உனக்கே. இஸட் எழுத்தில் பெயர் வைத்துக்கொண்டவன் எவ்வளவு நல்ல சரக்கு வைத்திருந்தாலும் பாதாளத்தில். பெயர் வைக்கும்போதே முதலிடத்தை முன்பதிவு செய்துவிட்ட இந்த ஏஏஏ ஆசாமிகள்தான் நிஜமான முன்னோடிகள் என்பது என் கட்சி. அவர்கள் மாநாடு நடத்தவில்லை. அதனால் எந்த மேடையிலும் நாற்காலி இல்லை.

இயந்திரங்கள் ஒவ்வொன்றாக வந்தன. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பிரையன் பிங்கர்டன் செய்த வெப்கிராலர், ஓநாய்ச் சிலந்தி இனத்தின் பெயரைச் சுருக்கி வைத்துக்கொண்ட லைகோஸ், இன்ஃபோசீக், எக்ஸைட். 1995 டிசம்பரில் ஆல்டாவிஸ்டா. டிஜிட்டல் எக்விப்மெண்ட் கார்ப்பரேஷன் தன்னுடைய கம்ப்யூட்டர்கள் எவ்வளவு வேகமானவை என்று ஊருக்குக் காட்டக் கட்டிய விளம்பரத் தட்டி அது. வியாபாரம் கம்ப்யூட்டர் விற்பது. தேடல் இலவச இணைப்பு. பின்னாளில் எந்தப் பக்கம் பணம் இருந்தது என்று தெரிந்தபோது கம்பெனியே கைமாறியிருந்தது.

இன்ஃபோசீக்கில் ஒரு வசதி. பக்கத்தைச் சமர்ப்பித்தால் சில நிமிடங்களிலேயே பட்டியலில் சேர்த்துவிடும். குருக்களின் குருகுலம் அதுதான். ஒரு சொல்லைச் சேர், சமர்ப்பி, எத்தனையாவது இடம் என்று பார்; ஒரு சொல்லை எடு, மறுபடி சமர்ப்பி. பரீட்சைத் தாளைத் திருத்தும்போதே பக்கத்தில் நின்று விடையை மாற்றி எழுதலாம் என்றால் யார்தான் மேதையாக மாட்டார்கள்?

இந்தச் சந்தையில் ஒரு பத்திரிகைக்காரர் நுழைந்தார். டேனி சல்லிவன். கலிஃபோர்னியாவில் லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ், ஆரஞ்ச் கவுண்டி ரெஜிஸ்டர் போன்ற பேப்பர்களில் வேலை பார்த்துவிட்டு இணையத்துக்கு வந்தவர். ஆரஞ்ச் கவுண்டி என்று தேடினால் தன் தளம் வரவில்லை என்று ஒரு வாடிக்கையாளர் குறைப்பட்டுக்கொண்டார். மற்றவர்களாக இருந்தால் ‘ஆரஞ்ச் கவுண்டி’ என்று ஐந்நூறு தடவை கறுப்பில் எழுதியிருப்பார்கள். இவர் பத்திரிகைப் புத்தியைக் காட்டினார். ஒவ்வொரு தேடுபொறியிலும் பக்கங்களைச் சமர்ப்பித்து, எது எதை எடுக்கிறது, எது எதை விடுகிறது என்று பார்த்துக் குறிப்பெடுத்து, 1996 ஏப்ரலில் இணையதளக்காரர்களுக்கான வழிகாட்டி ஒன்றை வெளியிட்டார். அதுவே மறு வருடம் சர்ச் எஞ்சின் வாட்ச் ஆயிற்று. மற்றவர்கள் ரகசியம் என்று பொத்தி வைத்து விற்றுக்கொண்டிருந்ததை இந்த மனிதர் படிக்கத் தெரிந்த எல்லாருக்கும் சொல்லிவிட்டார். இதற்காக அவரை அடித்து விரட்டியிருக்க வேண்டும். தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். ஏனென்றால் ரகசியம் விற்றவர்களுக்கே ரகசியம் என்னவென்று அவர் எழுதியதைப் படித்துத்தான் தெரிந்தது.

1999 நவம்பரில் சான் ஃபிரான்சிஸ்கோவில் இந்தத் தொழிலுக்கென்று மாநாடு கூட்டியவரும் அவரே. தேடுபொறிக்காரர்களையும் தேடுபொறியை ஏமாற்றுகிறவர்களையும் ஒரே கூரையின் கீழ் உட்கார வைத்துக் காபி கொடுத்த முதல் ஆள். போலீசுக்கும் பிக்பாக்கெட்டுக்கும் சேர்த்து ஆண்டுவிழா. இருபது வருடம் கூகுளைக் கேள்வி கேட்டே காலம் தள்ளியவர் 2017-ல் கூகுளிலேயே வேலைக்குச் சேர்ந்தார், வெளியே இருப்பவர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்ல. தேர்வுக் குழுவுக்கு வேலை சுலபமாக இருந்திருக்கும். கேள்வித்தாளை முழுதாக அறிந்த வேட்பாளர் அவர் ஒருவர்தான்.

அதே 1996-ல் புரூஸ் கிளே கடை திறந்தார். இவரை ‘எஸ்.இ.ஓ.வின் தந்தை’ என்று அழைப்பார்கள். தொழிலுக்கு ஒழுக்க விதிகள் எழுதியவர் இவர். விதி எழுத வேண்டிய நிலைமை இருந்தது என்பதை அதிலிருந்து ஊகித்துக்கொள்ளலாம். ஆனால் எனக்குப் பிடித்தது அவருடைய வரைபடம். எந்தத் தேடுபொறி யாரிடமிருந்து முடிவுகளை இரவல் வாங்குகிறது என்று 2000-ல் ஒரு படம் போட்டார். பார்த்தால் கல்யாண வீட்டில் யார் யாருக்கு என்ன முறை என்று பாட்டி விளக்குகிற மாதிரி இருக்கும்: யாஹூ இன்னாரிடம் வாங்குகிறது, அந்த இன்னார் அன்னாருக்கும் கொடுக்கிறார், அன்னார் இன்னொருவரிடம் விளம்பரம் மட்டும் எடுக்கிறார், நடுவில் இங்க்டோமி என்று ஒருவர் எல்லாருக்கும் சமைத்துப் போட்டுவிட்டுத் தான் பந்தியில் உட்காருவதே இல்லை. வருடா வருடம் படத்தைப் புதுப்பித்தார். வருடா வருடம் அம்புக்குறிகள் குறைந்தன. ஒவ்வொரு சம்பந்தி வீடாகக் காலியாகி, கடைசியில் இரண்டு வீடு மிஞ்சியது. அதில் ஒன்றின் வாசலில்தான் கூட்டம்.

தந்தை என்று சொன்னேன். தந்தை பதவிக்குப் போட்டி உண்டு. ஹேமனும் ஹார்டனும் தொழிலுக்கு ‘சர்ச் எஞ்சின் ஆப்டிமைசேஷன்’ என்று பெயர் சூட்டியது நாங்கள்தான் என்கிறார்கள். ஜான் ஆடெட் என்பவரின் மல்டிமீடியா மார்க்கெட்டிங் குரூப் 1997-லேயே அந்தச் சொற்றொடரைத் தன் பக்கத்தில் போட்டிருந்தது. கிளேயின் ஆதரவாளர்கள் கிளேதான் என்பார்கள். கூட்டத்தில் எல்லாரும் தந்தை. குழந்தை யாரைப் பார்த்தும் அப்பா என்று கூப்பிடாமல் நேராகக் கல்லாப்பெட்டியைப் பார்த்துத் தவழ்ந்தது.

அந்த நாட்களின் பிரம்மாஸ்திரம் மெட்டா கீவேர்ட். பக்கத்தின் தலையில், பார்க்கிறவர் கண்ணில் படாமல், ‘இந்தப் பக்கம் இன்ன விஷயங்களைப் பற்றியது’ என்று தளக்காரரே எழுதி வைக்கிற குறிப்பு. தேடுபொறி அதை நம்பும். வணிகனிடம் போய் உன் சரக்கு எப்படி என்று கேட்டு, சொன்னதை அப்படியே எழுதிக்கொள்கிற வெள்ளை மனசு. டயர் கடையின் குறிப்பில் நடிகை பமேலா ஆண்டர்சன் பெயர் இருக்கும். போட்டிக் கம்பெனியின் பெயரும் இருக்கும். தேடி வருகிறவன் எதற்கு வந்தானோ, வந்துவிட்டான், டயரைப் பார்க்கட்டும்.

இதில் உச்சம் தொட்டவர்கள் 1997-ல் கொலராடோ நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டவர்கள். ஊரில் எத்தனையோ பெயர் இருக்கும்போது இவர்கள் திருடி வைத்துக்கொண்ட பெயர்கள் ‘ஓப்பெடால்’, ‘லார்சன்’. ஓப்பெடால் அண்ட் லார்சன் என்பது வக்கீல் நிறுவனம். அதுவும் சாதாரண வக்கீல்கள் அல்ல, இணையதளப் பெயர்த் தகராறுகளில் பேர்போனவர்கள். சர்வ சாதாரணமாகத் தங்கள் பெயரைத் தாங்களே தேடிப் பார்த்திருக்கிறார்கள். சம்பந்தமே இல்லாத தளங்கள் வந்து நின்றன. மெட்டா குறிப்பைத் திறந்து பார்த்தால் தங்கள் பெயர். அந்தத் துறையின் முதல் வழக்குகளில் ஒன்று அப்படிப் பிறந்தது. பூட்டு உடைக்கப் போனவன் தேர்ந்தெடுத்தது போலீஸ் ஸ்டேஷனை.

ப்ளேபாய் பத்திரிகை தன்னுடைய பழைய மாடல் டெரி வெல்ஸ் மீதே வழக்குப் போட்டது இன்னொரு ரகம். 1981-ம் ஆண்டின் சிறந்த ப்ளேமேட் என்று பட்டம் கொடுத்ததே அந்தப் பத்திரிகை. அதை அவர் தன் தளத்தின் குறிப்பில் எழுதியது குற்றம் என்றார்கள். அந்தப் பெண்மணியை வேறு எப்படித்தான் அடையாளம் சொல்வது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் யோசித்துப் பார்த்து, 2002-ல் பெரும்பாலும் அவர் பக்கமே தீர்ப்புச் சொன்னது. நீதிபதிகளுக்கு அன்றைக்கு அலுவல் சுவாரசியமாகப் போயிருக்கும்.

மெட்டா கீவேர்டை வரிசைப்படுத்தக் கூகுள் பயன்படுத்துவதில்லை என்று 2009-ல் கூகுளே வெளிப்படையாக அறிவித்தது. அதற்கப்புறமும் அதை எழுதித் தருவதற்குத் தனியாகக் கட்டணம் வாங்கியவர்கள் இருந்தார்கள். செத்த மாட்டுக்குக் கோமாரி ஊசி.

சரி, கூகுள். 1998-ல் ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேன் நகரில் ஒரு மாநாடு. லேரி பேஜ், செர்கே பிரின் என்ற மறுபடியும் இரண்டு ஸ்டான்ஃபோர்ட் மாணவர்கள், மறுபடியும் ஆராய்ச்சிப் பட்டத்தை முடிக்கப் போகாதவர்கள், தங்கள் தேடுபொறியைப் பற்றிக் கட்டுரை சமர்ப்பித்தார்கள். அதில் ஒரு குத்தல் இருக்கிறது: 1997 நவம்பரில் முன்னணியில் இருந்த நாலு வணிகத் தேடுபொறிகளிடம் அவற்றின் பெயரையே கொடுத்துத் தேடச் சொன்னால், முதல் பத்து முடிவுகளுக்குள் தன்னையே கண்டுபிடித்தது ஒன்றே ஒன்றுதானாம். மற்ற மூன்றும் தன் வீட்டு முகவரி தெரியாமல் தெருவில் நின்றன. விளம்பரத்தில் பிழைக்கும் தேடுபொறி விளம்பரதாரர் பக்கம்தான் சாயும் என்றும் அதே கட்டுரையில் கவலைப்பட்டிருந்தார்கள். 2000 அக்டோபரில் கூகுள் விளம்பரம் விற்க ஆரம்பித்தபோது கட்டுரையின் அந்தப் பின்னிணைப்பை யாரும் பிரேம் போட்டு மாட்டவில்லை.

அவர்கள் கண்டுபிடித்த பேஜ்ரேங்க் என்ன சொல்கிறது? ஒரு பக்கம் தன்னைப் பற்றி என்ன சொல்லிக்கொள்கிறது என்று பார்க்காதே. யார் யார் அதற்கு லிங்க் கொடுக்கிறார்கள், கொடுக்கிறவர் எவ்வளவு பெரிய ஆள் என்று பார். கறுப்பில் கறுப்பு எழுதியவர்கள் கதை அத்தோடு முடிந்தது. பெரிய தளத்தில் காசு கொடுத்து லிங்க் வாங்கினால்? அதையும் யோசித்திருந்தார்கள். பேஜ்ரேங்க் பற்றிய அறிக்கையில் அந்தச் சந்தேகத்தைத் தாங்களே எழுப்பி, தாங்களே சமாதானமும் சொல்லிக்கொள்கிறார்கள்: அதற்குப் பணம் செலவாகுமே, ஆகவே கட்டுக்குள்தான் இருக்கும். இரண்டு பேரும் எவ்வளவு நல்ல குடும்பத்தில் வளர்ந்தவர்கள் என்பதற்கு இந்த வரியைவிட வேறு சாட்சி வேண்டாம்.

2000 டிசம்பரில் கூகுள் டூல்பார் வந்தது. அதில் பச்சை நிறப் பட்டை ஒன்று, எந்தப் பக்கத்துக்குப் போனாலும் அதன் பேஜ்ரேங்க் பத்துக்கு எத்தனை என்று காட்டும். அதாவது ஒவ்வொரு லிங்க்குக்கும் கூகுளே விலைச்சீட்டு ஒட்டிக் கொடுத்தது. ஆறு மதிப்புள்ள தளத்தில் லிங்க் இவ்வளவு, ஏழு என்றால் இவ்வளவு. அதன் பிறகு பச்சைப் பட்டையைப் பார்க்காமல் எந்த நிபுணருக்கும் பொழுது விடியவில்லை.

ஓக்லஹோமா நகரத்தில் பாப் மாஸா என்பவர் சர்ச்கிங் என்று ஒரு கம்பெனி வைத்திருந்தார். எல்லாரும் மறைவாகச் செய்கிற லிங்க் வியாபாரத்தை 2002 ஆகஸ்டில் அவர் போர்டு மாட்டிச் செய்தார்: பேஜ்ரேங்க் அதிகமுள்ள தளங்களில் காசுக்கு லிங்க் ஏற்பாடு செய்து தரப்படும். சில வாரங்களில் சர்ச்கிங் தளத்தின் பச்சைப் பட்டை எட்டிலிருந்து நாலுக்கு இறங்கியது. மற்றவராக இருந்தால் பெயரை மாற்றிக்கொண்டு வேறு தெருவில் கடை போட்டிருப்பார். மாஸா அக்டோபரில் கூகுள் மீது வழக்குத் தொடர்ந்தார். லிங்க் விற்கிறவன், லிங்க் விற்க விடவில்லை என்று கோர்ட்டுக்குப் போன காட்சியை நினைத்தால் எனக்கு அந்த மனிதர் மீது மரியாதைதான் வருகிறது. முன்னோடிகளில் முகமூடி போடாத ஒரே ஆள்.

கோர்ட்டில் நடந்தது அதைவிட ருசி. அதுவரை கூகுள் தரப்பு, பேஜ்ரேங்க் என்பது கணிதம், சமன்பாடு, நடுநிலை என்று சொல்லிவந்தது. மாஸாவின் வாதம்: கணிதம் என்றால் என் எட்டு எப்படி நாலாகும்? கையால்தானே குறைத்தீர்கள்? கூகுளின் பதில்: பேஜ்ரேங்க் எங்கள் அபிப்பிராயம், அபிப்பிராயம் சொல்ல அமெரிக்க அரசியல் சாசனத்தின் முதல் திருத்தம் எங்களுக்கு உரிமை தந்திருக்கிறது. 2003 மே மாதம் நீதிமன்றம் அதை ஏற்று வழக்கைத் தள்ளுபடி செய்தது. கணக்கு அறிவியலாக இருக்கலாம், விடை அபிப்பிராயம் என்று ஆகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் இந்தத் தீர்ப்பு என் கையில் இருந்திருந்தால் கணக்கு வாத்தியாரிடம் தைரியமாக நீட்டியிருப்பேன்.

அன்றைய கூகுளின் காவல் தெய்வம் மேட் கட்ஸ். 2000-ல் வேலைக்குச் சேர்ந்த இவருக்குக் கொடுத்த முதல் பெரிய வேலை, தேடலில் ஆபாசப் பக்கங்களை வடிகட்டுவது. வடிகட்டி ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்கச் சக ஊழியர்களிடம் ஆபாசப் படம் தேடிக் கண்டுபிடியுங்கள் என்று கேட்டுக்கொண்டார். கண்டுபிடித்தவர்களுக்கு அவர் மனைவி சுட்ட பிஸ்கட் பரிசு. அலுவலக நேரத்தில், சம்பளத்துடன், பிஸ்கட்டுடன். இந்த வேலையில் இருந்தபோதுதான் ஏமாற்றுக்காரர்கள் எப்படியெல்லாம் மேலே ஏறுகிறார்கள் என்று அவருக்குப் புரிந்தது. பின்னர் அந்தக் களையெடுப்புப் படைக்கே தலைவரானார். மாநாட்டுக்கு வந்தால் போதும், குருமார்கள் சூழ்ந்துகொள்வார்கள். அவர் தும்மினால் அது எந்த அல்காரிதத்தைக் குறிக்கிறது என்று மறுநாள் கட்டுரை வரும்.

அந்தக் காலத்தில் கூகுள் தன் பட்டியலை ஏறக்குறைய மாதம் ஒருமுறைதான் புதுப்பிக்கும். புதுப்பிக்கிற சில நாட்கள் ஒவ்வொரு சர்வரும் ஒவ்வொரு முடிவைக் காட்டும். தளங்கள் ஏறும், இறங்கும், மறுபடி ஏறும். அதற்கு ‘கூகுள் டான்ஸ்’ என்று பெயர். பழைய நாட்களில் கூத்துப் பார்க்க ராத்திரி முழுக்க விழித்திருந்து கிழக்கு வெளுக்கும்போது கூத்து முடிந்து வீடு திரும்பிய ஜனங்கள் உண்டு. எஸ்.இ.ஓ. ஆட்களோ வீட்டிலேயே திரையைப் பார்த்து விழித்திருந்தார்கள். 2003-ல் ஒவ்வொரு மாற்றத்துக்கும் புயலுக்கு வைக்கிற மாதிரி பெயர் வைத்தார்கள்: பாஸ்டன், கசாண்ட்ரா, டொமினிக், எஸ்மரெல்டா, ஃபிரிட்ஸ். நவம்பர் நடுவில் வந்தது ஃபுளோரிடா. நிஜமாகவே புயல். கிறிஸ்துமஸ் வியாபாரம் தொடங்குகிற வாரம். நேற்றுவரை முதல் பக்கத்தில் இருந்த எத்தனையோ கடைகள் காலையில் எழுந்து பார்த்தால் இல்லை.

என்ன நடந்தது என்று நிபுணர்கள் ஆளுக்கொரு விளக்கம் சொன்னார்கள். அதில் அதிகம் அடிபட்ட பெயர் ‘ஹில்டாப்’. ஒரு விஷயத்தில் யார் நிபுணர் என்று முதலில் கண்டுபிடித்து, அந்த நிபுணர் பக்கங்கள் யாரைச் சுட்டுகின்றன என்று பார்க்கிற முறை. அதை உருவாக்கிய இருவரில் ஒருவர் கிருஷ்ணா பரத், சென்னை ஐஐடியில் படித்தவர். தங்களை நிபுணர்கள் என்று அழைத்துக்கொண்ட அத்தனை பேரும், நிபுணர்களை அடையாளம் காணும் கணக்கில் தாங்கள் தேறவில்லையோ என்று நடுங்கிய மாதம் அது. ஃபுளோரிடாவுக்குக் காரணம் ஹில்டாப்தானா என்பது வேறு விஷயம். காரணம் தெரிந்த மாதிரி பேசியவர்களுக்குப் புது வாடிக்கையாளர் கிடைத்தார்கள்.

யார் கெட்டிக்காரன் என்று ஒரே அடியில் தீர்த்துக்கொள்ள 2004-ல் பந்தயம் வைத்தார்கள். ‘நிக்ரிட்யூட் அல்ட்ராமரீன்’ என்று அர்த்தமற்ற ஒரு ஜோடிச் சொல். கூகுளில் அதைத் தேடினால் யார் முதலில் வருகிறாரோ அவருக்குப் பரிசு. ஜூன் 7-ல் முதலில் நிற்பவருக்கு ஐபாட், ஜூலை 7-ல் நிற்பவருக்குக் கம்ப்யூட்டர் மானிட்டர். வித்தைக்காரர்கள் சகல அஸ்திரங்களையும் இறக்கினார்கள். அனில் டேஷ் என்ற வலைப்பதிவர், இந்தத் தொழிலுக்கே சம்பந்தமில்லாதவர், போட்டி தொடங்கிச் சில வாரம் கழித்து ஒரு பதிவு போட்டு, எனக்குக் கொஞ்சம் லிங்க் கொடுங்களேன் என்று தன் வாசகர்களைக் கேட்டுக்கொண்டார். வாசகர்கள் கொடுத்தார்கள். மானிட்டரை அவர் வாங்கிக்கொண்டு போனார்.

இதே சமயம் சியாட்டிலில் ராண்ட் ஃபிஷ்கின் என்ற இளைஞர், கல்லூரியை விட்டுவிட்டு, அம்மாவுடன் சேர்ந்து நடத்திய சிறு கம்பெனியில் சுமார் 5 லட்சம் டாலர் கடனில் மாட்டியிருந்தார். அப்பாவிடம் சொல்லவில்லை. எஸ்.இ.ஓ. வேலைக்கு ஆள் வைத்துச் சம்பளம் கொடுக்கக் காசில்லை என்பதால் தானே கற்றுக்கொண்டார், கற்றதை எழுதினார், மஞ்சள் ஷூ போட்டுக்கொண்டு மேடை ஏறினார், எஸ்.இ.ஓ.மாஸ் பெரிய நிறுவனமானது. கடன் இல்லாத குடும்பத்தில் பிறந்திருந்தால் தொழில் ஒரு குருவை இழந்திருக்கும்.

2006 பிப்ரவரியில் ஜெர்மனியின் பிஎம்டபிள்யூ தளத்தைக் கூகுள் பட்டியலிலிருந்து எடுத்தது. பழைய கார் என்ற ஜெர்மன் சொல்லை மாற்றி மாற்றி அடுக்கிய பக்கங்களை இயந்திரத்துக்கு மட்டும் காட்டிக்கொண்டிருந்தார்கள். ஜெஃபர்சன் ஸ்டார்ஷிப் வைத்தியம்தான், கொஞ்சம் விலை உயர்ந்த காரில். சில நாட்களிலேயே மன்னிக்கப்பட்டுத் திரும்பி வந்துவிட்டார்கள். இதே தவறைச் செய்த மளிகைக்கடைக்காரர் எத்தனை மாதம் காத்திருப்பார் என்று மாநாட்டில் கேட்டுப் பாருங்கள், சிரிப்பார்கள்.

2007-ல் ஒரு ஆசாமி எஸ்.இ.ஓ. என்ற மூன்றெழுத்தையே தன் வணிகச் சின்னமாகப் பதிவு செய்யக் கிளம்பினார். தரம் கெட்டுப்போன தொழிலை ஒழுங்குபடுத்தத்தான் என்பது அவர் தரப்பு. லட்சக்கணக்கான கீவேர்டுகளை வளைத்துப் பிழைத்த ஒரு தொழிலின் பெயரையே யாரோ வளைத்துப் போடப் பார்க்கிறார்கள். குருமார்கள் கொதித்தார்கள், பதிவு எழுதினார்கள், கண்டித்தார்கள். கையிலிருந்து பணம் போட்டு வக்கீல் வைத்து முறைப்படி எதிர்த்தவர் ரியா டிரைஸ்டேல் என்ற இளம்பெண். 2010-ல் ஜெயித்தார். தந்தையர் அத்தனை பேரும் வாழ்த்துச் சொன்னார்கள்.

கடைசியாக, சிற்பக்கலை. 2005-ல் கூகுளும் யாஹூவும் எம்எஸ்என்னும் சேர்ந்து ‘நோஃபாலோ’ என்ற குறியைக் கொண்டுவந்தன. வலைப்பதிவுகளின் பின்னூட்டத்தில் வயாகரா விற்கிறவர்கள் போடும் லிங்க்குக்கு மதிப்புக் கிடைக்காமல் தடுக்க. நிபுணர்கள் அதை எடுத்துத் தங்கள் சொந்தத் தளத்துக்குள்ளேயே போட்டார்கள். ஒரு பக்கத்தில் பத்து லிங்க், பத்துப் புள்ளி என்றால் ஆளுக்கு ஒன்று. ‘தொடர்புக்கு’, ‘எங்களைப் பற்றி’ போன்ற வருமானம் தராத ஐந்து லிங்க்கை நோஃபாலோ போட்டு அடைத்துவிட்டால் மிச்ச ஐந்துக்கும் ஆளுக்கு இரண்டு. வாய்க்கால் வெட்டித் தண்ணீரைத் திருப்புகிற இந்தக் கலைக்கு பேஜ்ரேங்க் ஸ்கல்ப்டிங் என்று கம்பீரமாகப் பெயர் சூட்டினார்கள். மேடைகளில் வகுப்பு நடந்தது. உளியும் சுத்தியலுமாகத் தளங்களைச் செதுக்கித் தருவதற்குக் கட்டணம் வாங்கப்பட்டது.

2009 ஜூனில் சியாட்டில் மாநாட்டில் மேட் கட்ஸ் ஒரு தகவல் சொன்னார். அந்தக் கணக்கை மாற்றிவிட்டோம். ஐந்தை அடைத்தாலும் மிச்ச ஐந்துக்கு ஆளுக்கு ஒரு புள்ளிதான். அடைத்த ஐந்தின் புள்ளி ஆவியாகிவிடும். எப்போது மாற்றினீர்கள்? ஒரு வருடத்துக்கும் மேல் ஆகிறது. ஏன் அப்போதே சொல்லவில்லை என்பதற்குத் தன் பதிவில் அவர் பொறுமையாக விளக்கம் எழுதினார்: தளம் வைத்திருப்பவர்களோ, சோதனை செய்து பார்க்கிறவர்களோ தாங்களாகவே கவனித்துவிடுவார்கள் என்று நினைத்தார்களாம். யாரும் கவனிக்கவில்லையாம்.